வேற்றுமுகம்

பிறந்து ஆறு மாதம் வரை குழந்தை யார் கைக்கும் போகும். பக்கத்து வீட்டுக்காரர் தூக்கினாலும், கல்யாண மண்டபத்தில் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கும் தூரத்து உறவு தூக்கினாலும் பொக்கை வாய் திறந்து சிரிக்கும். ஏழெட்டு மாதத்தில் இந்தத் தாராளம் நின்றுபோகிறது. வெளியூரிலிருந்து ஆசையோடு வந்த தாத்தா கை நீட்டினால் உதடு பிதுங்குகிறது. தூக்கிவிட்டால் அழுகை தெருமுனை வரை கேட்கிறது. தாத்தாவின் முகம் வாடிப்போகிறது. “வேத்துமுகம் பாக்குது, ரெண்டு நாள்ல பழகிடும்” என்று வீட்டில் யாராவது சமாதானம் சொல்வார்கள்.

வேற்றுமுகம் என்பது பொருத்தமான சொல். ஆனால் அது ஒரு கேள்வியையும் எழுப்புகிறது. அம்மாவுக்கும் அடுத்தவருக்கும் உள்ள வேறுபாடு குழந்தைக்கு ஏழு மாதத்தில்தான் தெரிய வருகிறதா? பிறந்த முதல் வாரத்திலேயே அது தெரியும். 1980-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஆண்டனி டிகாஸ்பரும் வில்லியம் ஃபைஃபரும் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பு ஒன்றைக் கொடுத்து, அதை ஒலிப்பதிவுக் கருவியோடு இணைத்தார்கள். ஒரு விதமாகச் சப்பினால் தாயின் குரல் கேட்கும். இன்னொரு விதமாகச் சப்பினால் வேறொரு பெண்ணின் குரல். தாயின் குரல் வரும்படி குழந்தைகள் தங்கள் சப்பலை மாற்றிக்கொண்டன. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் பிரிட்டனில் எய்டன் மெக்ஃபார்லேன், தாயின் மார்பில் வைத்திருந்த துணியைக் குழந்தையின் ஒரு கன்னத்தருகிலும் வேறொரு தாயின் துணியை மறு கன்னத்தருகிலும் தொங்கவிட்டுப் பார்த்தார். ஒரு வாரமே ஆன குழந்தைகள் தாயின் மணம் வந்த பக்கமே அதிக நேரம் முகம் திருப்பியிருந்தன.

ஆக, ஆள் தெரிகிறது. தெரிந்தும் ஆறு மாதம் எல்லோரிடமும் போகிறது. பிறகு ஒருவரோ இருவரோ போதும், மற்றவர் வேண்டாம் என்கிறது. இடைப்பட்ட மாதங்களில் உருவாவதையே உளவியலில் ‘பிணைப்பு’ என்கிறார்கள். குறிப்பிட்ட ஓர் ஆள்மீது, அவர் இடத்தில் இன்னொருவரை வைத்தால் ஏற்க மறுக்கும் அளவுக்குக் குழந்தை கொள்ளும் பற்று அது.

பாலுக்காக வந்த பாசமா?

இந்தப் பற்று ஏன் வருகிறது என்பதற்கு எளிய விடை ஒன்று உண்டு. பால் கொடுப்பவர்மீது பாசம் வருகிறது. சோறு கண்ட இடம் சொர்க்கம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பெரிய அறிஞர்களும் இதைத்தான் நம்பினார்கள். உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்டின் வழிவந்தவர்களும் அவர்களோடு பெரும்பாலும் முட்டிக்கொண்ட நடத்தையியலாரும் இந்த ஒன்றில் ஒத்துப்போனார்கள். பசி தீர்கிறது, தீர்ப்பவரின் முகமும் அதோடு சேர்ந்து இனிக்கத் தொடங்குகிறது, அவ்வளவுதான் என்றார்கள். நடத்தையியலின் முன்னோடி ஜான் வாட்சன் 1928-இல் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூலில், பிள்ளைகளைக் கட்டி அணைக்க வேண்டாம், மடியில் உட்கார வைக்க வேண்டாம், காலையில் கைகுலுக்கினால் போதும் என்று அறிவுரை சொன்னார். அந்தப் புத்தகம் நன்றாக விற்கவும் செய்தது.

இந்தக் கருத்தில் முதல் விரிசல் வாத்துகளால் வந்தது. ஆஸ்திரியாவின் கொன்ராட் லோரன்ஸ் 1930-களில் சாம்பல் நிறக் காட்டு வாத்துகளைக் கவனித்தார். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு முதலில் கண்ணில் படும் நகரும் உருவத்தைத் தாயாக வரித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போயிற்று. அந்த உருவம் லோரன்ஸாக இருந்தால் லோரன்ஸின் பின்னால் போயிற்று. வாத்துத் தாய் குஞ்சுக்கு இரை ஊட்டுவதில்லை; குஞ்சு தானே மேய்கிறது. ஊட்டாத ஒருவர் பின்னால் அது ஏன் ஓட வேண்டும்?

இரண்டாவது அடி குரங்குகளிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ ரீசஸ் குரங்குகளை, வட இந்தியக் கோயில்களிலும் ரயில் நிலையங்களிலும் திரியும் அதே இனத்தை, ஆய்வுக்காக வளர்த்துவந்தார். நோய் தொற்றாமல் இருக்கக் குட்டிகளைப் பிறந்த சில மணி நேரத்திலேயே தாயிடமிருந்து பிரித்துப் புட்டிப்பால் கொடுத்தார்கள். குட்டிகள் கூண்டின் தரையில் விரித்திருந்த துணியை இறுகப் பிடித்துக்கொண்டன. அதைத் துவைக்க எடுத்தால் அலறின. ஹார்லோவின் சோதனை இங்கிருந்துதான் பிறந்தது. ஒரு கூண்டில் இரண்டு பொம்மைத் தாய்கள். ஒன்று வெறும் கம்பி வலை. மற்றது துவாலைத் துணி சுற்றியது. சில குட்டிகளுக்குப் பால் புட்டியைக் கம்பித் தாயிடம் மட்டும் பொருத்தினார்கள். பால்தான் காரணம் என்றால் குட்டி கம்பியோடு ஒட்டியிருக்க வேண்டும். அது பசித்தபோது கம்பித் தாயிடம் போய்க் குடித்துவிட்டு, நாளின் மற்ற நேரமெல்லாம் துணித் தாயைக் கட்டிக்கொண்டிருந்தது. மேளம் தட்டும் பொம்மைக் கரடி ஒன்றைக் கூண்டுக்குள் விட்டபோதும் ஓடிப்போய் ஒண்டியது துணித் தாயிடம்தான். சற்று நேரம் உடம்பை உரசிக்கொண்டிருந்த பிறகு பயம் தெளிந்து, திரும்பி நின்று கரடியை வேடிக்கை பார்த்தது. 1958-இல் ஹார்லோ இதை அமெரிக்க உளவியல் சங்கத்தில் அறிவித்தபோது பால் கோட்பாட்டின் அஸ்திவாரம் ஆடிப்போயிற்று.

இதற்கு அந்தக் குட்டிகள் கொடுத்த விலை பெரிது. பொம்மையோடு வளர்ந்தவை பின்னாளில் மற்ற குரங்குகளோடு கூடி வாழத் தெரியாமல் தவித்தன; தாமே தாயானபோது குட்டியைப் புறக்கணித்தன, சில சமயம் கடித்தும் குதறின. விலங்குகளை ஆய்வில் எப்படி நடத்தலாம் என்ற விவாதத்தில் ஹார்லோவின் பெயர் இன்றும் கறையோடுதான் வருகிறது.

முயல் குட்டி அழுவதில்லை

அணைப்பைத் தேடும் இப்படி ஓர் ஏற்பாடு ஏன்? முயலோடு ஒப்பிட்டால் விளங்கும். தாய் முயல் தன் குட்டிகளுக்கு நாளுக்கு ஒரு முறை, அதுவும் சில நிமிடங்களே, பால் கொடுக்கிறது. மீதி நேரம் வளையை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பால் கொழுப்பு மிகுந்தது. ஒரு வேளைக் குடி ஒரு நாளைக்குத் தாங்கும். குட்டிகள் சத்தமில்லாமல் படுத்துக்கிடக்கின்றன. தாயை நினைத்து அழும் முயல் குட்டி நரிக்கு வழி காட்டும்.

குரங்கினத்துக்கு வளை கிடையாது. குட்டி தாயின் மயிரைப் பற்றிக்கொண்டு எங்கும் கூடவே போகிறது. எந்நேரமும் வாயருகே இருப்பதால் பால் நீர்த்ததாக இருந்தாலும் போதும். மனிதப் பால் இந்த வகைதான். அதில் கொழுப்பு ஏறத்தாழ 4 சதவீதம். ஆகவேதான் பச்சைக் குழந்தை இரண்டு மணிக்கொரு தரம் பாலுக்கு அழுகிறது. தூக்கிக்கொண்டே வளர்க்கப்பட வேண்டிய உயிரின் உடல் அமைப்பு இது.

ஆனால் மனிதத் தாயிடம் பற்றிக்கொள்ள மயிர் இல்லை. குழந்தையின் காலால் எதையும் பிடிக்கவும் முடியாது. பிறக்கும்போது அதன் மூளை வளர்ந்தவர் மூளையில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருக்கிறது. தலையைக்கூட நிமிர்த்த முடிவதில்லை. பழைய பிடியின் எச்சம் மட்டும் மிச்சம். திடுக்கிடும்போது கைகளை அகல விரித்து, பிறகு எதையோ கட்டிக்கொள்வதுபோல் சேர்க்கிறதே, அதைக் குழந்தை மருத்துவர் எர்ன்ஸ்ட் மோரோ 1918-இல் விவரித்தார். உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுகப் பற்றுவதும் அதே வகை. தான் பிடித்துக்கொள்ள முடியாத குழந்தை, தன்னைப் பிடித்துக்கொள்ளும்படி பெரியவர்களைச் செய்ய வேண்டும். அழுகை அதற்கு ஒரு கருவி. ஆறு முதல் எட்டு வாரத்தில் முகம் பார்த்து வரும் சிரிப்பு இன்னொரு கருவி. அழுகையை நிறுத்தத் தூக்க வேண்டியிருக்கிறது. சிரிப்போ தூக்கியவரைக் கீழே விட மனமில்லாமல் செய்கிறது.

உட்கார்ந்தபடி அணைத்தால் அடங்காத குழந்தை, தோளில் போட்டு நடக்கத் தொடங்கியதும் அடங்குவது எல்லா வீட்டிலும் தெரிந்ததுதான். 2013-இல் ஜப்பானின் ரிக்கன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த குமி குரோடாவின் குழு இதை அளந்து பார்த்தது. தாய் எழுந்து நடக்கத் தொடங்கிய சில நொடிகளில் குழந்தையின் இதயத் துடிப்பு தணிந்தது. தாயெலி வாயில் கவ்வித் தூக்கிய குட்டிகளிடமும் அதே தணிவு காணப்பட்டது.

கண்ணுக்குத் தெரியாத கயிறு

இந்தத் துண்டுகளை எல்லாம் சேர்த்து ஒரு கோட்பாடாக்கியவர் ஆங்கிலேய மனநல மருத்துவர் ஜான் பௌல்பி. 1907-இல் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் காலத்து மேல்தட்டு வழக்கப்படி தாயைப் பார்ப்பது நாளில் ஒரு மணி நேரம். வளர்த்தது ஓர் ஆயா. நான்கு வயது நிரம்பும் முன் அந்த ஆயா வேலையை விட்டுப் போனார். அந்தப் பிரிவு தாயை இழந்ததற்கு நிகராக இருந்தது என்று பௌல்பி பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

அவர் காலத்து இங்கிலாந்தில் மருத்துவமனையில் சேர்த்த பிள்ளையைப் பெற்றோர் பார்க்கப் பல இடங்களில் வாரத்துக்குச் சில மணி நேரமே அனுமதி. பெற்றோர் வந்துபோனால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது என்பது நிர்வாகங்களின் வாதம். பௌல்பியோடு பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன் அந்த அமைதி என்ன என்று கூர்ந்து பார்த்தார். முதலில் பிள்ளை அழுது அடம் பிடிக்கிறது. பிறகு நம்பிக்கை இழந்து சுருண்டுகொள்கிறது. இறுதியில் யார் வந்தாலும் ஒன்றே என்பதுபோல் ஆகிவிடுகிறது. தாயே வந்தாலும் முகம் கொடுப்பதில்லை. நிர்வாகங்கள் ‘பழகிவிட்டது’ என்று சொன்னது இந்தக் கடைசி நிலையைத்தான். சிறு அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியை ராபர்ட்சன் படம் பிடித்து 1952-இல் திரையிட்டார். மருத்துவர்கள் பலர் கோபப்பட்டார்கள். ஆனால் பார்வை நேர விதிகள் அடுத்த ஆண்டுகளில் மெல்லத் தளர்ந்தன.

1958-இல் ஒரு கட்டுரையிலும் 1969 முதல் மூன்று தொகுதிகளாக வந்த நூலிலும் பௌல்பி முன்வைத்த கருத்து இதுதான். பசியைப் போலவே பிணைப்பும் தனித்த ஓர் உயிரியல் தேவை. அதன் வேலை, குழந்தைக்கும் காப்பவருக்கும் இடையிலான தூரத்தைக் கட்டுக்குள் வைப்பது. குளிர்சாதனப் பெட்டியின் உள்ளே வெப்பம் ஏறினால் மோட்டார் தானே ஓடத் தொடங்கி, குளிர்ந்ததும் தானே நிற்கிறதல்லவா? அதுபோல, தூரம் கூடினாலும் பயமோ வலியோ தூக்கமோ வந்தாலும் குழந்தையின் பிணைப்பு இயங்கத் தொடங்குகிறது. அழும், தவழ்ந்து வரும், காலைக் கட்டும். காப்பவர் கைக்குள் வந்ததும் அது ஓய்கிறது.

ஓய்ந்த பிறகு நடப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. மடியில் ஆறிய குழந்தை இறங்கிப் போகிறது. பாத்திரத்தைத் தட்டுகிறது, கட்டிலுக்கடியில் நுழைகிறது, நடுநடுவே திரும்பி ஆள் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்கிறது. உலகை ஆராயப் புறப்படும் குழந்தைக்குக் காப்பவர் ஒரு ‘காப்புத்தளம்’. ஒட்டிக்கொள்ள ஓர் ஆள் இருப்பதால்தான் அது விலகிப் போகத் துணிகிறது.

ஏழாம் மாதத்தில் என்ன நடக்கிறது?

இரண்டு காரியங்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கைகூடுகின்றன. குழந்தை தவழத் தொடங்குகிறது. அதுவரை அடுப்பும் கிணற்றடியும் அதற்கு எட்டாதவை; இனி எட்டும். பிணைப்பு என்னும் கயிறு தேவைப்படுவது இப்போதுதான். இன்னொன்று மனத்தில் நடக்கிறது. சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே தம் குழந்தைகளிடமே கண்டறிந்தபடி, ஐந்து மாதக் குழந்தையின் எதிரே ஒரு பொம்மையைத் துணியால் மூடினால் அது தேடுவதில்லை. எட்டு, ஒன்பது மாதத்தில் துணியை இழுத்து எறிந்துவிட்டு எடுக்கிறது. கண்ணில் படாவிட்டாலும் பொருள் இருக்கிறது என்பது இப்போது அதன் கணக்கில் வந்துவிட்டது. அம்மா கதவைத் தாண்டிப் போனால், அவள் எங்கோ இருக்கிறாள், இங்கே மட்டும் இல்லை என்று தெரிகிறது. அழுகைக்குக் காரணம் கிடைத்துவிட்டது. முந்தானையால் முகத்தை மூடித் திறந்து காட்டும் விளையாட்டில் குழந்தை இந்த வயதில் சலிக்காமல் சிரிப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

இந்த அழுகை வளர்ப்பு முறையால் வருவதல்ல என்பதற்கு ஒரு சான்று, பல நாடுகளிலும் இது ஏறத்தாழ ஒரே வயதில் வருவது. அமெரிக்க நகரங்கள், குவாதமாலாவின் கிராமங்கள், இஸ்ரேலின் கூட்டுப் பண்ணைகள், ஆப்பிரிக்காவின் தென்பகுதிப் பாலைநிலத்தின் குங் மக்கள் எனப் பல இடங்களின் தரவுகளை ஜெரோம் கேகன் ஒப்பிட்டார். பிரிவுக்கு அழுவது எங்கும் எட்டு மாத அளவில் கூடத் தொடங்கி, ஒரு வயதைத் தாண்டியதும் உச்சம் தொட்டு, பிறகு இறங்குகிறது. தாத்தாவைக் கண்டு அழும் குழந்தை செல்லம் கொடுத்துக் கெட்டுப்போனதல்ல. அது தன் வயதுக்குரிய வேலையைச் செய்கிறது.

ஓர் அறை, ஒரு தாய், இருபது நிமிடம்

பிணைப்பு இருக்கிறது என்பது வேறு, அது எப்படிப்பட்டது என்பது வேறு. இதை அளக்க வழி கண்டவர் மேரி எய்ன்ஸ்வொர்த். பௌல்பியிடம் பணியாற்றிய அவர் 1954-இல் கணவருடைய வேலையின் பொருட்டு உகாண்டா போனார். கம்பாலாவைச் சுற்றிய கிராமங்களில் வீடு வீடாகப் போய், 26 குடும்பங்களின் குழந்தைகளை மாதக்கணக்கில் பார்த்தார். அம்மா எழுந்து போனால் அந்தக் குழந்தைகள் அழுதன. அம்மா இருந்தால் துணிந்து சுற்றின. பின்பு அமெரிக்காவின் பால்டிமோரில் மறுபடி 26 குடும்பங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை நான்கு மணி நேரம் வீதம், குழந்தையின் முதல் ஆண்டு முழுவதும் ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். ஆனால் பால்டிமோர்க் குழந்தைகளுக்கு வீட்டுக்குள் அம்மா வருவதும் போவதும் பழகிப்போயிருந்தது, அழவில்லை. கயிற்றைச் சற்று இழுத்துப் பார்க்க ஒரு புதிய இடம் தேவைப்பட்டது. 1960-களில் உருவான ‘புதுச்சூழல் சோதனை’ அதுதான்.

சோதனைக்கு வரும் குழந்தைக்கு வயது ஒன்று. பிள்ளைத்தமிழில் தளர்நடைக் குழந்தையை வா வா என்றழைக்கும் வாரானைப் பருவம் ஏறக்குறைய இந்த வயதுதான். அறையில் இரண்டு நாற்காலி, தரையில் பொம்மைகள், சுவரில் மறைவாகப் பார்க்க ஒரு கண்ணாடி. தாயும் குழந்தையும் உள்ளே வருகிறார்கள். குழந்தை சற்றுத் தயங்கிவிட்டுப் பொம்மைகளிடம் போகிறது. மூன்று நிமிடம் கழித்து முன்பின் தெரியாத ஒரு பெண் வருகிறார். முதலில் பேசாமல் உட்காருகிறார், பிறகு தாயோடு பேசுகிறார், பிறகு குழந்தையை நெருங்குகிறார். தாய் மெல்ல வெளியேறுகிறார். மூன்று நிமிடத்தில் திரும்பி வருகிறார், புதியவர் போய்விடுகிறார். குழந்தை ஆறி விளையாடத் தொடங்கியதும் தாய் இரண்டாம் முறையாக, இப்போது சொல்லிவிட்டு, வெளியே போகிறார். குழந்தை தனியே இருக்கிறது. புதியவர் வந்து தேற்றிப் பார்க்கிறார். கடைசியில் தாய் வந்து தூக்குகிறார். குழந்தை மிகவும் அழுதால் எந்தக் கட்டத்தையும் உடனே முடித்துவிடலாம்.

வேடிக்கை பார்ப்பவர் கண் இயல்பாகவே பிரிவின்மேல் போகும். எவ்வளவு அழுதது, அவ்வளவு பாசம் என்று கணக்குப் போடும். எய்ன்ஸ்வொர்த்தின் கூர்மை, கண்ணை வேறிடத்தில் வைத்ததில் இருக்கிறது. தாய் திரும்பி வந்த அந்த ஒரு நிமிடத்தை அவர் பார்த்தார்.

பால்டிமோரில் இவ்வாறு பார்த்த 23 குழந்தைகளில் 13, தாய் போனதும் பெரும்பாலும் அழுதன. வந்ததும் நேரே அவரிடம் போயின. தூக்கியதும் ஆறி, மறுபடி பொம்மைக்குத் திரும்பின. இதை உறுதிப் பிணைப்பு எனலாம். நான்கு குழந்தைகள் தாய் வந்த பிறகும் ஆறவில்லை. தூக்கச் சொல்லிக் கை நீட்டின. தூக்கினால் திமிறின, உதைத்தன. இறக்கினால் மறுபடி கேட்டன. இது தவிப்புப் பிணைப்பு. மீதி ஆறு குழந்தைகள் ஆய்வாளரைத் திகைக்க வைத்தன. தாய் போனபோது அழவில்லை. வந்தபோது பார்க்கவுமில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு பொம்மையை உருட்டின.

இந்த ஆறையும் பார்த்தவர்கள், என்ன தைரியமான பிள்ளைகள் என்றுதான் சொல்லியிருப்பார்கள். எய்ன்ஸ்வொர்த்திடம் வீட்டுக் குறிப்புகள் இருந்தன. இதே குழந்தைகள் வீட்டில் உறுதிப் பிணைப்புக் குழந்தைகளைவிட அதிகமாக அழுதவை. அவற்றின் தாய்மார் குழந்தை நெருங்கி வரும்போது அதைத் தட்டிக்கழித்தவர்கள். கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் போனதால் அவை கேட்பதை நிறுத்திவிட்டன. மருத்துவமனையில் ராபர்ட்சன் கண்ட முகத்திருப்பலின் சிறு வடிவம் இது. 1977-இல் ஆலன் ஸ்ரூஃபும் எவரெட் வாட்டர்ஸும் இத்தகைய குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்தார்கள். முகத்தில் சலனமில்லை; துடிப்போ ஏறியிருந்தது. கண் பொம்மையில் இருந்தபோதும் அது தணியவில்லை. இந்த விலகல் பிணைப்பில் அமைதி முகத்தோடு நின்றுவிடுகிறது.

1980-களில் மேரி மெய்ன் நான்காவது வகை ஒன்றைச் சேர்த்தார். தாயிடம் வரப் புறப்பட்டு நடுவழியில் உறைந்து நிற்கும், அல்லது முதுகு காட்டிக்கொண்டு நெருங்கும் குழந்தைகள் அவை. அடி உதை உள்ள வீடுகளில் இது அதிகம். அடைக்கலமும் அச்சமும் ஒரே ஆளிடமிருந்து வரும்போது குழந்தைக்குப் போக்கிடம் இல்லை.

சோதனைக்கு வரம்பும் உண்டு. தாயை விட்டுப் பிரியாமல் வளரும் ஜப்பானியக் குழந்தைகளில் தவிப்பு வகை அதிகமாகவும், சீக்கிரமே தனித்திருக்கப் பழக்கும் வடக்கு ஜெர்மனியில் விலகல் வகை அதிகமாகவும் தெரிந்தது. மூன்று நிமிடத் தனிமை எல்லோருக்கும் ஒரே எடை அல்ல. ஆனாலும் 1988-இல் எட்டு நாடுகளின் 32 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது நாட்டுக்கு நாடு இருந்த வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் இருந்த வேறுபாடு பெரிது. எல்லா நாட்டிலும் அதிகம் காணப்பட்டது உறுதி வகையே.

பதில் கிடைக்கிறதா?

உறுதியை எது தீர்மானிக்கிறது? எய்ன்ஸ்வொர்த்தின் விடை, கூருணர்வு: குழந்தை காட்டும் குறிப்பைக் கண்டு, சரியாகப் புரிந்து, காலம் தாழ்த்தாமல், ஏற்றபடி பதில் தருவது. பசிக்கு அழும்போது கிலுகிலுப்பை ஆட்டுவதும் பதில்தான், ஆனால் ஏற்ற பதில் அல்ல.

குழந்தை இந்தப் பதிலை எவ்வளவு எதிர்பார்க்கிறது என்பதை எட்வர்ட் டிரானிக் 1970-களில் காட்டினார். கொஞ்சிக்கொண்டிருந்த தாய் சட்டென்று முகத்தை உணர்ச்சியில்லாமல் வைத்துக்கொள்கிறார். சில மாதக் குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை ஆட்டுகிறது, குரல் கொடுக்கிறது. பயனில்லை என்றதும் முகத்தைத் திருப்பி வாடிப்போகிறது. இதெல்லாம் ஓரிரு நிமிடத்துக்குள். தாயும் குழந்தையும் சாதாரண நேரத்தில்கூட எப்போதும் ஒத்துப்போவதில்லை என்றும் டிரானிக் கண்டார். தவறிப்போவதும் சரிசெய்துகொள்வதுமாகத்தான் ஓடுகிறது. ஒரு முறை கவனிக்காமல் விட்டதற்காக எந்தத் தாயும் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை.

அழுததும் தூக்கினால் கெட்டுப்போகும் என்ற பேச்சு இங்கே எழும். உடனுக்குடன் கவனிக்கப்பட்ட பால்டிமோர்க் குழந்தைகள் ஆண்டு முடிவில் குறைவாகவே அழுதன என்று 1972-இல் சில்வியா பெல்லும் எய்ன்ஸ்வொர்த்தும் எழுதினார்கள். பின்வந்த ஆய்வுகள் எல்லாமே இதை அப்படியே உறுதி செய்யவில்லை. சின்னச் சிணுங்கலுக்கும் பேரழுகைக்கும் ஒரே அவசரம் தேவையா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. கூருணர்வுக்கும் உறுதிக்கும் உள்ள தொடர்பும் பிற்காலத் தொகுப்பாய்வுகளில் மிதமாகவே தெரிகிறது. வறுமை, தாயின் மனச்சோர்வு, துணைக்கு ஆள் இல்லாமை எல்லாம் இடையில் புகுகின்றன. தாயை மட்டும் கூண்டில் நிறுத்துவது அறிவியலாகாது.

அம்மா மட்டும்தானா?

பௌல்பி தொடக்கத்தில் தாய்க்கே முதலிடம் தந்தார். அதை அசைத்தது கிளாஸ்கோ நகரத்து ஆய்வு. ருடால்ஃப் ஷாஃபரும் பெக்கி எமர்சனும் 60 குழந்தைகளை மாதாமாதம் பார்த்து 1964-இல் வெளியிட்டார்கள். ஒன்றரை வயதில் ஒரே ஒருவரோடு மட்டும் பிணைந்திருந்த குழந்தைகள் 13 சதவீதமே. மற்றவற்றுக்கு அப்பா, பாட்டி, அண்ணன், அக்கா, பக்கத்து வீட்டார் எனப் பலர். ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் துணி மாற்றுவதும் ஒருவராக இருக்க, குழந்தை முதன்மையாக ஒட்டிக்கொண்டது வேறொருவராக இருந்த வீடுகளும் கணிசம். அந்த வேறொருவர் பெரும்பாலும் குழந்தையின் குறிப்புக்குச் சட்டென்று பதில் தந்து விளையாடியவர். பால் கோட்பாட்டுக்கு மனிதக் குழந்தையே சொன்ன மறுப்பு இது.

மானுடவியலாளர் சாரா ஹர்டி இன்னும் ஒரு படி போகிறார். தாய் ஒருத்தியே வளர்த்தெடுக்க முடியாத அளவுக்கு மனிதக் குழந்தை செலவு பிடித்தது. பாட்டியும் பெரியம்மாவும் மூத்த பிள்ளைகளும் கைகொடுத்ததால்தான் இந்த இனம் தழைத்தது என்பது அவர் வாதம். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது.

வேலைக்குப் போகும் தாய்மாரின் கவலைக்கும் தரவு உண்டு. அமெரிக்காவில் 1991-இல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்த அரசு ஆய்வு, காப்பகத்தில் விடுவது மட்டுமே பிணைப்பைக் குலைப்பதில்லை என்று கண்டது. வீட்டிலும் கவனிப்புக் குறைந்து, காப்பகமும் மோசமாக இருந்தால்தான் ஆபத்து கூடியது. அறுவை சிகிச்சை முடிந்து மயக்கத்தில் கிடந்ததால் பிறந்த உடனே பிள்ளையை அணைக்க முடியாத தாய்க்கும் ஆறுதல் உண்டு. முதல் சில மணி நேரத்தில் ஒட்டாவிட்டால் ஒட்டாது என்ற 1970-களின் கருத்து பின்னர் தாக்குப்பிடிக்கவில்லை. உடலோடு உடல் அணைப்பது நல்லதே. ஆனால் மனிதக் குழந்தை வாத்துக் குஞ்சு அல்ல. அதன் பிணைப்பு மணிக்கணக்கில் முடிந்துவிடுவதில்லை, மாதக்கணக்கில் வளர்கிறது. தத்தெடுத்த பிள்ளைக்கும் அப்படித்தான் வளர்கிறது.

யாருமே இல்லாதபோது

ருமேனியாவில் 1989-இல் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்தபோது அரசு விடுதிகளில் லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். உணவு கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை, ஒரு பணியாளுக்குப் பத்துப் பதினைந்து குழந்தைகள், அந்தப் பணியாளும் முறைக்கு முறை மாறுவார். தொட்டிலில் அழுகை ஓய்ந்த குழந்தைகள் கிடந்தன. 2000-இல் சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஸீனா ஆகியோர் புகாரெஸ்டில் 136 குழந்தைகளைத் தேர்ந்து, சீட்டுக் குலுக்கி, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்களில் பலர் புதியவர்களோடு பிணைந்தார்கள். மூளையின் மின் அலைகளும் தேறின. இரண்டு வயதுக்குள் போனவர்களிடம் மாற்றம் தெளிவாக இருந்தது. தாமதமாகப் போனவர்கள் அந்த அளவுக்கு மீளவில்லை.

இதிலிருந்து இரண்டு வயதோடு எல்லாம் முடிந்தது என்று எழுதிவிடக் கூடாது. சாதாரணக் குடும்பங்களில் ஒரு வயதில் உறுதியாக இருந்த பிணைப்பு குடும்பம் சிதறும்போது குலைவதும், குலைந்தது நல்ல கவனிப்பில் தேறுவதும் நீண்டகால ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன.

வாசலில் ஒரு நிமிடம்

வேற்றுமுகம் பார்க்கும் குழந்தையைத் தாத்தா எப்படி அணுகலாம் என்பதற்கும் ஆய்வு வழி காட்டுகிறது. தாயின் மடியில் இருக்கும்போது குழந்தைக்குப் பயம் குறைவு. சில அடி தள்ளி உட்கார வைத்தாலே கூடுகிறது. வந்ததும் தூக்காமல், தாயோடு பேசியபடி உட்கார்ந்து, குழந்தை தானே நெருங்கும் வரை காத்திருப்பவரிடம் அது சீக்கிரம் பழகுகிறது.

அலுவலகம் புறப்படும் தாயைக் குழந்தை பார்க்காதபடி பின்வாசல் வழியாக அனுப்புவது பல வீடுகளில் உள்ள பழக்கம். அன்றைய அழுகை அதனால் தப்பலாம். ஆனால் குழந்தை கற்பது, அம்மா எந்த நேரத்திலும் மறைந்துவிடக் கூடியவள் என்பதை. சொல்லிக்கொண்டு போவதே நல்லது, அழுதாலும் பரவாயில்லை. மூன்று வயதை ஒட்டி, அம்மா எங்கே போகிறாள், எப்போது வருவாள் என்று தெரிந்தால் பெரும்பாலான குழந்தைகள் பழகிய இன்னொருவரோடு காத்திருக்கக் கற்றுவிடுகின்றன.